எட்டு நிக்குது, தங்கச்சி

அக்கா,

புதன்கிழமை காலை ஒரு மீன்பிடிப் படகின் ஜிபிஎஸ் ஆண்டெனாவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பழைய பசை வெயிலில் உருகி, திரும்ப இறுகி, பெயரமாட்டேன் என்று அடம்பிடித்தது. துணியில் அசிட்டோனை நனைத்துத் தேய்த்தேன். நகப்பூச்சைத் துடைக்கிற மருந்தின் அந்த வாசனை எழும்பியதும் நீங்கள் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. நம் பட்டறைக்கு ‘நகப்பூச்சுக் கடை’ என்று பெயர் வைத்தவர் நீங்கள்தானே. அதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

ஆக்லாந்திலிருந்து உங்கள் மகள் ரேணுகா. “ஆன்ட்டி, அம்மா குஜர் கயிஸ்” என்றாள்.

எனக்கு இந்தி புரியும். இத்தனை வருடம் ஃபிஜியில் இருந்தவளுக்கு அந்த இந்தி புரியாமல் போகுமா? ஆனாலும் “யாரோட அம்மா?” என்று தமிழில் கேட்டேன். அவள் என் கேள்வி புரியாமல், சொன்னதையே இன்னொரு முறை சொன்னாள். அம்மா போய்விட்டார்கள் என்று. நான் “சரி, சரி” என்றேன். ஏதோ கடைக்காரர் சாமான் வரவில்லை என்று சொன்னதற்குப் பதில் சொல்வது போல. போனை வைத்துவிட்டு மறுபடி துணியை எடுத்து மிச்சப் பசையையும் தேய்த்து முடித்தேன். 

அதிர்ச்சி வந்தால் கை அது பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டே இருக்கும் என்பதை முதல்முதலாக உங்களிடம்தான் பார்த்தேன். அந்த நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் அப்புறம் பேசியதே இல்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நான் திருநெல்வேலியிலிருந்து வந்த புதிது. என் வீட்டுக்காரருக்கு நாண்டியில் கணக்கு வாத்தியார் வேலை. எனக்கு மின்னணுவியல் டிப்ளமோ இருந்தது, வேலை இல்லை. வோட்டுவாலேவில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு எதிர்வீடு உங்களுடையது. ஒருநாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “இன்னா, தமிழா நீங்க?” என்று கேட்டீர்கள். அந்த ‘இன்னா’வைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரும்பு வெட்ட மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேத்தி நீங்கள். உங்கள் வாயில் இருந்த தமிழை நான் ஊரில் கேட்டதில்லை. ஒரு வாரத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நீங்கள் வேலை செய்த ரேடியோ பட்டறையில் என்னையும் சேர்த்துவிட்டீர்கள். சின்ன விமானங்கள், படகுகள், டாக்சிகள் என்று ரேடியோ வைத்திருக்கிற எல்லாம் அங்கே வரும். கடைக்கு வருகிறவர்கள் நம் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “மெக்கானிக் எங்கே?” என்று கேட்பார்கள். நீங்கள் சாலிடர் செய்வதை நிறுத்தாமல், “சாப்பிடப் போயிட்டாரு. எங்ககிட்ட குடுத்துட்டுப் போங்க” என்பீர்கள்.

கெவின் தன் கிளைடரைப் பற்றிச் சொல்ல வந்தது அப்படித்தான். கரும்பு வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டி ஓய்வு பெற்ற ஆஸ்திரேலியாக்காரர். சிகடோகாவுக்கு அப்பால், கடலோரத்துப் புல்தரை ஓடுபாதை ஒன்றில் அவருடைய கிளைடர் நின்றது. சின்ன எஞ்சினால் மேலே ஏறி, அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டு, மலைமேல் மோதி எழும் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். முன்னே ஒருவர், பின்னே ஒருவர். அதில் ஜிபிஎஸ் வைத்திருந்தார். அது நேராகப் போகும்போது ஒழுங்காக வேலை செய்தது. வட்டமடிக்கச் சாய்ந்தாலோ, ரேடியோவில் பேசினாலோ செயற்கைக்கோள்களை எல்லாம் தொலைத்துவிட்டு வெறும் திரையைக் காட்டியது.

ஆண்டெனாவை அவர் இருக்கைக்குப் பின்னால் திணித்து வைத்திருந்தார். அங்கே கிளைடரின் கூடு கார்பன் நாரால் ஆனது. கண்ணாடி நாராக இருந்தால் சிக்னல் ஊடுருவும், கார்பன் விடாது. போதாததற்கு ஓட்டுகிறவரின் உடம்பே பாதி வானத்தை மறைத்தது. முன்னால் கொண்டுபோய், கருவிப் பலகைக்கு மேலே, கண்ணாடி மூடிக்கு அடியில் வைக்க வேண்டும் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. எப்படி வைப்பது என்பதில்தான் மூன்று வாரம் சண்டை போட்டோம். ஆண்டெனாவின் அடியில் காந்தம் இருக்கிறது, அப்படியே ஒரு தகட்டில் ஒட்டிவிடலாம் என்றீர்கள். ஒட்டினோம். திசைகாட்டியின் முள் வடக்கை விட்டுவிட்டு நம் ஆண்டெனாவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. நான் ஜெயித்த மாதிரி சிரித்தேன். காந்தத்தைப் பெயர்த்துவிட்டு இரட்டைப் பசைப் பட்டையில் ஒட்டலாம் என்பது என் யோசனை. கண்ணாடிக்குள் வெயில் ஏறியதும் பசை இளகி, ஆண்டெனா கெவினின் மடியில் விழுந்தது. அன்றைக்குச் சிரித்தவர் நீங்கள். கடைசியில் செருப்புப் பட்டையில் வருமே, சரக்கென்று பிரிக்கிற ஒட்டு, அதைத் தைத்து நிறுத்தினோம். கேபிளை ரேடியோ கம்பியோடு சேர்த்துக் கட்டாமல், எதிர்ப்பக்கச் சுவரோடு கொண்டுவந்தோம். அவசரத்துக்குக் கண்ணாடி மூடியைத் தள்ளிக் குதிக்க வேண்டியிருந்தால் கம்பி காலில் மாட்டக் கூடாது என்று நீங்கள் கெவினின் இருக்கையில் உட்கார்ந்து, எழுந்து, குதித்து, திரும்ப உட்கார்ந்து பார்த்தீர்கள். உங்கள் பருத்த உடம்போடு நீங்கள் குதித்ததைப் பார்த்து அந்த மனுஷன் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரங்களில்தான் நீங்கள் உங்கள் அண்ணன் தம்பிகளைப் பற்றிச் சொன்னீர்கள். எண்பத்தேழாம் வருடத்து ராணுவப் புரட்சியின்போது மூன்று பேரும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். “அல்லாரும் போனாங்க. நான் போவமாட்டேன்னு சொல்ட்டேன். எங்கம்மாவ எரிச்ச ஆத்தங்கரை இங்க கீது. நான் இன்னாத்துக்குப் போவணும்?” நீங்கள் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னீர்கள். நான்தான் என் வீட்டுக்காரரின் இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடுகிறவள் என்று நமக்குள் பேச்சு.

சோதனை ஓட்டம் ஒரு வெள்ளிக்கிழமை. கெவின் முன்னால், நீங்கள் பின்னால், ஜிபிஎஸ் கருவி உங்கள் மடியில். நான் கீழே புல்லில் கையடக்க ரேடியோவோடு. நீங்கள் ஒவ்வொரு வட்டத்திலும் எத்தனை செயற்கைக்கோள் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். பேசப் பொத்தானை அழுத்தும்போதே எண்ணிக்கை குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதுதான் சோதனை. தமிழிலேயே சொல்லுங்கள், எனக்கு எழுதச் சுலபம் என்றேன். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. பட்டறை வேனின் கதவைத் திறந்து வைத்து, அதன் ரேடியோவில் இந்திப் பாட்டு போட்டிருந்தேன்.

“ஏழு. ஏழு. சாயறோம். ஏழு” என்றது உங்கள் குரல். “எட்டு! எட்டு வந்துட்சி தங்கச்சி.”

அப்போது பாட்டு பாதியில் நின்றது. அறிவிப்பாளர் இந்தியில் பேசினார். மூச்சு வாங்குகிற குரல். தலைநகர் சூவாவில் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கிகளோடு ஆட்கள் நுழைந்திருக்கிறார்கள், பிரதமரையும் மந்திரிகளையும் உள்ளேயே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றார். நான் வேனுக்குள் தலையை விட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். கொஞ்ச நேரத்தில் அடுத்த செய்தி. நகரத்தில் இந்தியர்களின் கடைகளை உடைக்கிறார்கள், தீ வைக்கிறார்கள், எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்றார். ரேணுகா சூவாவில்தான் படித்துக்கொண்டிருந்தாள். கடைத்தெருவை ஒட்டிய சந்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

ரேடியோவில், “அக்கா, கீழ இறங்குங்க” என்றேன்.

“ஏன்? இன்னும் சோத்துக்கைப் பக்கம் சாயல.”

“சூவாவுல துப்பாக்கியோட பார்லிமெண்டுக்குள்ள போயிட்டாங்கக்கா. டவுன்ல தீ வைக்கிறாங்களாம். ரேணுகா...”

 மேலே பார்த்தேன். கிளைடர் மலைக்கு மேலே வெள்ளைக் கோடு போலத் திரும்பிக்கொண்டிருந்தது. ரேடியோ ‘க்ளிக்’ என்றது. நீங்கள் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள். உங்கள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் உங்கள் குரல் வந்தது.

“எட்டு.”

“அக்கா, நான் சொன்னது கேட்டுச்சா?”

“எட்டு நிக்குது, தங்கச்சி. எட்டுதான். எட்டு.”

இறங்கும் வரைக்கும் நீங்கள் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். வட்டமடித்தபோது, தாழ்ந்தபோது, சக்கரம் புல்லைத் தொட்டு உருண்டபோதும். ஒரு தடவைகூட எண்ணிக்கை குறையவில்லை. நாம் மூன்று வாரம் உழைத்தது அன்றைக்குப் பலித்துவிட்டது.  கெவினுக்குத் தமிழ் தெரியாது. வேலை ஜெயித்தது என்று நினைத்து, கண்ணாடி மூடியைத் திறந்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். உங்களைத் திரும்பிப் பார்த்ததும் அந்த விரல் அப்படியே நின்றது.

உங்களால் இருக்கைப் பட்டையைக் கழற்ற முடியவில்லை. நான்தான் கழற்றினேன். நீங்கள் இறங்கி, முன்பக்கம் போய், பலகை மேல் இருந்த ஆண்டெனாவைச் சரக்கென்று பிய்த்து, கேபிளோடு உருவி, கருவியோடு சேர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு வேனுக்கு நடந்தீர்கள். அதை ஏன் எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. எடுத்தது உங்களுக்கே தெரிந்திருக்காது.

வழியில் ஒரு கடையில் நிறுத்திச் சூவாவுக்குப் போன் போட்டோம். கோடு கிடைக்கவில்லை. கடைக்காரர் இந்தியில், “போகாதே சகோதரி, ரோட்டுல நிறுத்தறாங்களாம்” என்றார். நீங்கள் என்னைப் பார்த்து, “நீ வூட்டுக்குப் போ தங்கச்சி. பஸ் புடிச்சிக்கோ” என்றீர்கள். நான் ஓட்டும் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். குயின்ஸ் ரோட்டில் நம் பக்கம் காலியாக இருந்தது. எதிர்ப்பக்கம் சூவாவிலிருந்து கார்கள் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு காரில் பின்சீட்டுப் பெண் சன்னலுக்கு வெளியே கையை நீட்டித் திரும்பிப் போங்கள் என்று ஆட்டினாள். அவள் முகத்தில் கரி.

நவுவாவுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையை மறித்து இரும்புப் பீப்பாய்கள். போலீஸ்காரர் ஒருவர் உங்கள் பக்கத்துச் சன்னலில் குனிந்தார். உங்கள் மடியில் சுருண்டிருந்த கம்பியையும், அதன் முனையில் இருந்த கறுப்பு வட்டத்தையும் பார்த்ததும் பின்னால் துள்ளி, ஏதோ கத்தினார். இன்னொருவர் ஓடிவந்தார். குண்டு என்று நினைத்துவிட்டார்கள்.  நீங்கள் பதறவில்லை. அவர்களுடைய ஃபிஜி மொழியிலேயே, அண்டை வீட்டாரிடம் பேசுவது போல, விமானத்தில் வழி காட்டுகிற சாமான் என்று சொல்லி, முதல் போலீஸ்காரரிடம் அதை நீட்டினீர்கள். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். நீங்கள் மகளைப் பற்றிச் சொன்னீர்கள். அவர் “ஈசா” என்றார், இங்கே துக்கத்துக்குச் சொல்வார்களே, அப்படி. அப்புறம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு, ஆண்டெனாவை உங்கள் மடியில் திரும்ப வைத்து, வந்த வழியைக் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

வேனைத் திருப்பி வெகுதூரம் வந்த பிறகு, என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“அவரோட பொண்ணும் அங்கதான் கீதாம். அவராலயே போவ முடியலையாம்.”

வீட்டுக்கு வந்தபோது பஸ் ஓட்டப் போயிருந்த உங்கள் வீட்டுக்காரர் வண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு வந்து, போனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தெருவே உங்கள் வீட்டில். பொழுது சாய்கிற நேரத்தில் மணி அடித்தது. ரேணுகாவுக்கு அறையை வாடகைக்கு விட்ட அம்மா பேசினார், ஃபிஜிக்காரப் பெண். பிள்ளையை ஆள் அனுப்பிக் கூட்டி வந்துவிட்டேன், என் கட்டிலில் படுத்திருக்கிறாள், கதவுக்குக் குறுக்கே என் மகன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் உள்ளே வர முடியாது என்றார். ரேணுகா போனில் அழுததை நாங்கள் எல்லோரும் கேட்டோம். நீங்கள், “அச்சா. அச்சா பேட்டி”, சரி மகளே, என்று மட்டும் சொன்னீர்கள். போனை வைத்துவிட்டு, சுற்றி நின்ற எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, “போயிடுவோம்” என்றீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர், “எங்க போறது?” என்று இந்தியில் கேட்டார்.

“எங்கியாவுது.”

அன்றைக்குக் கேட்ட எல்லாவற்றையும் விட எனக்கு அந்த ஒரு சொல்லில்தான் தூக்கிவாரிப்போட்டது. துப்பாக்கி, தீ எல்லாம் ரேடியோவில் வந்தவை. இது உங்கள் வாயிலிருந்து வந்தது. கோபம் இல்லை, அழுகை இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்கிற அதே குரல்.

போய்விட்டீர்கள். ரேடியோ வேலையின் சான்றிதழைக் காட்டித்தான் நியூசிலாந்தில் இடம் கிடைத்தது. ஆனால் அங்கே போனதும் அந்தச் சான்றிதழ் செல்லாது, மறுபடி படிக்க வேண்டும் என்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். “துணிக்கும் ஆண்டெனா வெக்கலாமான்னு பாக்கறேன்” என்று போனில் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கெவின் ஒரு வருடத்தில் கிளைடரை விற்றுவிட்டு ஊருக்குப் போனார். விற்கும் முன்னால் நானே போய் ஆண்டெனாவை நாம் ஒட்டிய இடத்திலேயே வைத்துக் கொடுத்தேன். ஒப்பந்தம் முடிந்தும் நாங்கள் கிளம்பவில்லை. வருகிற வருடம், அடுத்த வருடம் என்று தள்ளித் தள்ளி, இதோ, உங்கள் எதிர்வீட்டிலேயே தலை நரைத்துவிட்டது. உங்கள் வீட்டில் இப்போது யாரோ இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் மாதம் ஒன்றாயிற்று, பிறகு பண்டிகைக்கு ஒன்றாயிற்று. உங்கள் வீட்டுக்காரர் தவறியபோது நீண்ட நேரம் பேசினோம். உங்களுக்குப் பக்கவாதம் வந்தது எனக்குத் தெரியாது. ரேணுகா சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. அவளுக்கு நான் அம்மாவின் பழைய வேலைத்தோழி, வாழ்த்துச் சொல்கிற ஒரு குரல்.

தகனம் முடிந்த மறுநாள் ரேணுகா மறுபடி கூப்பிட்டாள். பக்கவாதத்துக்குப் பிறகு உங்களுக்கு இங்கிலீஷ் போய்விட்டதாம், இந்தியும் போய்விட்டதாம். தமிழ் மட்டும் மிச்சம். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. உங்கள் பிள்ளைகளுக்கே தெரியாது. “அம்மா திரும்பத் திரும்ப ஒண்ணே சொல்லிட்டிருந்தாங்க ஆன்ட்டி. போன்ல பதிவு பண்ணி வெச்சிருக்கேன். கேட்டுட்டு அர்த்தம் சொல்றீங்களா?” என்று இந்தியில் கேட்டாள். “கல், கல்னு சொன்னாங்க. அது ஒண்ணுதான் இந்தி மாதிரி இருந்துச்சு, நேத்து, நேத்துன்னு. பழைய நாளத்தான் நினைச்சுக்கறாங்கன்னு வோட்டுவாலேவு போட்டோவெல்லாம் எடுத்துவந்து காட்டினோம்.”

பதிவு வந்தது. காதில் வைத்துக் கேட்டேன். உங்கள் குரல்தான், அக்கா. வாய் கோணிப்போனதால் சொற்கள் குழறியிருந்தன. ஆனால் எனக்கு ஒரு எழுத்துகூடத் தவறவில்லை.

“காலு சில்லுனு கீது. காலு... மூடி வுடும்மா. காலு.”

அவ்வளவுதான். பின்னால் ரேணுகாவின் குரல் அன்பாக, “ஹாங் அம்மா, கல். ஃபோட்டோ தேக்கோ” என்கிறது. நீங்கள் மறுபடி சொல்கிறீர்கள். அவள் மறுபடி படத்தைப் பார்க்கச் சொல்கிறாள்.

 ரேணுகா லைனில் காத்திருந்தாள். அவளுக்கு என்ன சொல்வது? பிள்ளைகளை நீங்கள் ஆசீர்வதித்தீர்கள் என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது உங்கள் கடைசிப் பேச்சு. அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன். கால் குளிர்கிறது, போர்த்திவிடு என்று கேட்டிருக்கிறார்கள், தமிழில் காலு என்றால் பாதம் என்று.

அவள், “நான் அவங்க கால்மாட்டுலதான் உக்காந்திருந்தேன் ஆன்ட்டி” என்றாள். “பூரா நேரமும் கால்மாட்டுலதான் உக்காந்திருந்தேன்.”

அவள் அழுது முடிக்கும் வரைக்கும் போனைக் காதில் வைத்திருந்தேன். உனக்குத் தெரியாது மகளே, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்றேன். அது உண்மைதான். எனக்கு அதில் கோபம் இல்லை. ஆனால் உங்கள் ஒவ்வொரு வார்த்தையும் புரிகிற ஆள் மூன்று மணி நேர விமானத் தூரத்தில் உட்கார்ந்து படகுகளுக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு போன். உங்கள் காதருகே வைத்திருந்தால் போதும்.

அந்தப் பதிவை நான் திரும்பக் கேட்கவில்லை. அழிக்கவும் இல்லை. கேட்காமலேயே அது நாள் முழுக்க உள்ளே ஓடுகிறது. சமைக்கும்போது, சாலிடர் வைக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. நேற்று பட்டறையில் ஆள் இருந்ததையும் மறந்து சத்தமாகவே பதில் சொல்லிவிட்டேன்: “இதோ மூடிட்டேன்க்கா. நல்லா மூடிட்டேன்.”

உங்கள்
தங்கச்சி